மாமா ரிஜெக்ட் ஆக விடாத பைப்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு போகும்போது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போன அன்பு மாமாவுக்கு,

அங்கே நலமா? இங்கே எல்லோரும் நலம். அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக அழுகிறாள், இரண்டுக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் என்னைத் திட்டுகிறாள். திட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. உங்கள் பங்கையும் இப்போது நான்தான் வாங்கிக்கொள்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

முதல் சேதி. நம் தோல் டேனரியில் உங்கள் ஸ்டூலில் இப்போது நான் உட்காருகிறேன். முதலாளி பாய்தான் உட்காரச் சொன்னார். உட்கார்ந்த உடனே தெரிந்தது, அதற்கு ஒரு கால் குட்டை. இத்தனை வருஷம் அதில் ஆடாமல் அசையாமல் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? என்னை நிற்கவைத்து வேலை வாங்கியபோதெல்லாம் நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனே, அந்தப் பொறாமையை எல்லாம் இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது சேதிதான் பெரிய சேதி. போன வாரம் உங்கள் பைப் வந்திருந்தது. கூடவே ஜெர்மன்காரரும் வந்திருந்தார்.

அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அங்கே உங்களோடு கூட இருந்து படிக்கிறவர்களுக்கு எந்தப் பைப், தண்ணீர் வருகிற பைப்பா என்று குழப்பம் வரும். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். நான் கதை சொல்ல ஆரம்பித்தாலே குறுக்கே வந்து திருத்துவது உங்கள் வழக்கம். இந்த ஒரு தடவை முடியாது. அனுபவியுங்கள்.

நீங்கள் ஆம்பூர் டேனரியில் செலக்டர். பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோல் எல்லாம் கடைசியில் உங்கள் மேஜைக்குத்தான் வரும். வடக்கு ஜன்னல் ஓரத்து மேஜை. வடக்கு வெளிச்சம் பொய் சொல்லாது என்பீர்கள். தோலை விரித்து, கட்டைவிரலால் ஒரு தடவு, ஒரு திருப்பு. நல்லது வலது பக்கம். சுமாரானது நடுவில். உண்ணி கடித்தது, அம்மை போட்டது, முள் கிழித்தது எல்லாம் இடது பக்கம் தரையில், ரிஜெக்டுக் குவியலில். உங்களுக்குப் பக்கத்தில் நான், ஓரம் வெட்டுகிற கத்தியோடு, வாயையும் கையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு.

சீசனுக்கு ஒரு தடவை ஜெர்மன்காரர் சரக்கு எடுக்க வருவார். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பார். நீங்கள் ஃபர்ஸ்ட் என்றால் அவர் செகண்ட் என்பார். நீங்கள் செகண்ட் என்றால் அவர் தேர்டு என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு வேறெதுவும் தெரியாது. இந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தையிலேயே ரெண்டு பேரும் நாள் பூராவும் சண்டை போடுவீர்கள். அக்காவும் நீங்களும் இவ்வளவு குறைவான வார்த்தையில் சண்டை போட்டிருந்தால் தெருவே உங்களை வாழ்த்தியிருக்கும்.

அவர் வாயில் எப்போதும் புகையிலை திணித்துப் புகைக்கிற ஒரு பைப். ஒரு வருஷம் மெட்ராசில் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அடித்துப் பிடித்து அம்பாசிடரில் ஏறிப் போனவர், அதை மேஜைமேல் மறந்துவிட்டார்.

பாய் அதை எடுத்து உங்களிடம் கொடுத்தார். "மேஸ்திரி, நீ பத்திரமா வெச்சிரு. அடுத்த சீசன் வந்தா குடுத்துடலாம். வேற யார் கையில குடுத்தாலும் பீடியைத் திணிச்சி இழுத்துடுவானுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்னை எதற்குப் பார்த்தார் மாமா?

நீங்கள் அதைக் கையில் வாங்கினீர்கள். வாங்கினதும் கட்டைவிரல் தானாக ஓட ஆரம்பித்தது. அப்புறம் ஜன்னலுக்குப் போனீர்கள். அன்றைக்கு மிச்சம் இருந்த தோலை எல்லாம் யார் பார்த்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் பார்க்கவில்லை.

"இன்னா மரம் பாய் இது?"

"மரம் இல்ல மேஸ்திரி. பிரையர்னு ஒரு செடியாம். எங்கியோ கடலோரத்து மலையில, கல்லுக்கு நடுவுல முளைக்குமாம். அதோட வேர்முண்டு. நெருப்பு வெச்சாலும் பத்தாதாம்."

"அப்ப நம்ம ஆலங்காயத்து மலை ஆடு மாதிரி. மேய்ச்சல் கம்மி. அதான் இறுக்கம்" என்றீர்கள். ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னீர்கள்.

அன்று சாயங்காலம் அது வீட்டுக்கு வந்தது. அக்கா முறத்தில் அரிசியைப் போட்டு வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, காலி பைப்பை வாயில் வைத்திருந்தீர்கள். புகையிலை இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை.

"இன்னா அது? பல்லு வலியா?"

"இல்லடி. சும்மா பார்க்கிறேன்."

"வாயால பார்க்கிறியா?"

நான் சிரித்த சிரிப்பில் அக்காவின் முறமே சாய்ந்தது. ஆனால் நீங்கள் பதில் பேசவில்லை. பேச முடியாது, பைப் மறுபடியும் வாய்க்குப் போய்விட்டது. அந்த வளைவைச் செய்தவன் பெரிய ஆள் மாமா. வாயில் வைத்தால் கிண்ணம் தாடைக்குக் கீழே வந்து தானாகத் தொங்குகிறது. பல்லால் இறுக்கிக் கடிக்கக்கூட வேண்டாம். கை இரண்டும் சும்மா இருக்கும். கையும் சும்மா, வாயும் சும்மா. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் டேனரியிலிருந்து கையுறைக்குப் போகிற மெல்லிசுத் தோலில் மிச்சத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு ஒரு பை தைத்தீர்கள். ஊசி குத்தினது வெளியே தெரியாமல் தைத்தீர்கள்.

"கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து கேக்கறேன், எனக்கு ஒரு செருப்பு தெச்சுக் குடுத்தியா?" என்றாள் அக்கா. "ஊரு பூராவும் இந்த ஆளு பார்த்த தோல்ல செருப்பு போட்டுக்குது. ஜெர்மனியில போட்டுக்குது. நான் ஹவாய் செப்பல்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நாள் போகப் போக அவளுடைய குரல் மாறியதை நீங்கள் கவனித்தீர்களா? குழம்பில் உப்பு கம்மி, ஜாஸ்தி என்று செலக்‌ஷன் பண்ணிக்கொண்டிருந்த ஆள், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பேசாமல் பைப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் ஜெபம் பண்ணினாள். வெளியே வந்ததும் "இன்னாக்கா வேண்டிக்கின?" என்று கேட்டேன். "அந்த வெள்ளைக்காரர் நல்லா இருக்கணும், பைப்பை மறந்துடணும்னு வேண்டிக்கினேன்" என்றாள்.

நீங்கள் வாய்விட்டு வேண்டவில்லை. ஆனால் "கேட்டா குடுத்துடணும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "கேக்கலேன்னா?" என்று என்னையே கேட்டீர்கள். உங்களுக்கே பதில் தெரியாமல் நீங்கள் என்னைக் கேள்வி கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். மற்றதெல்லாம் பதில் தெரிந்துகொண்டே என்னை மாட்டிவிடக் கேட்டது.

அடுத்த சீசன் நெருங்கியது. பாய் ஞாபகப்படுத்தினார். "மேஸ்திரி, அதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வை. நல்லபடியா குடுப்போம்."

இங்கேதான் மாமா, உங்கள் கை வேலையைக் காட்டியது. சுத்தம் பண்ணு என்றால் துணியால் துடைப்பான் ஒருத்தன். நீங்கள் டேனரி ஆள். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள். உள்ளே சுற்றிலும் கருப்பாக, கெட்டியாக, ஓர் அடை.

"அடப்பாவி, சதையை எடுக்காம வெச்சிருக்கான்டா!"

தோலின் உள்பக்கம் ஒட்டின சதையை ஒரு பொட்டு விடாமல் சீவி எடுத்தால்தான் தோல் தோலாகும். அப்படியே பழகின கை. ஞாயிறு மத்தியானம் பூராவும் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரி அடையை எல்லாம் சுரண்டி எடுத்தீர்கள். மரத்தில் ஒரு கீறல் விழவில்லை. உள்ளே புதுக் கட்டை மாதிரி பளிச்சென்று வந்தது. பெருமையாக என் மூக்குக்குக் கீழே நீட்டினீர்கள். "இப்பப் பாரு!"

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எனக்கென்ன தெரியும்? உங்களுக்கென்ன தெரியும்?

ஜெர்மன்காரர் வந்தார். வாயில் ஒரு புது பைப்! சிவப்பாக, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு. நான் மேஜைக்கு அடியில் உங்கள் காலை இடித்தேன். புதுசு வாங்கிவிட்டார், பழசைக் கேட்க மாட்டார். நீங்களும் தோலை விரிக்கிற சாக்கில் சிரித்தீர்கள். ஆனால் பாய் விடுவாரா? நேர்மையான மனுஷர், கெடுத்தார். "உங்க பைப் எங்க மேஸ்திரிகிட்ட பத்திரமா இருக்குது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

நீங்கள் பையை எடுத்து நீட்டினீர்கள். முதலில் அவர் அந்தத் தோல் பையைத் தடவிப் பார்த்து "ஃபர்ஸ்ட்" என்றார். நல்ல சகுனம் இல்லை. அப்புறம் பைப்பை வெளியே எடுத்தார், முகம் மலர்ந்தது. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மாமா, வீட்டைத் திறந்து உள்ளே போனால் பீரோ, கட்டில், பாத்திரம் எதுவுமே இல்லை என்றால் ஒருத்தன் எப்படிக் கத்துவானோ, அப்படிக் கத்தினார். பாய் பதறிப்போய்க் கேட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, இன்னா பண்ணினே? அந்தக் கரிதான் அதோட உசுராம். புகைச்சிப் புகைச்சி அது ஏர்றதுக்கு வருஷக்கணக்கு ஆவுமாம். அதைப் போயி வழிச்சிட்டியே!"

"சதைன்னு நெனச்சேன் பாய்."

இதை பாய் எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ, ஜெர்மன்காரரின் காது வரைக்கும் சிவந்தது. "ரிஜெக்ட்!" என்று சொல்லி, பைப்பை உங்கள் இடது பக்கம், தரையில் கிடந்த குவியலின்மேல் போட்டுவிட்டு, அடுத்த கட்டுத் தோலை இழுத்துக்கொண்டார்.

எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. வாங்குகிறவர் ரிஜெக்ட் என்று தள்ளினதை அவர் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது டேனரியோடு நின்றுவிடும். மேஜை வழக்கம் அது, நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கேட்டாகிவிட்டது, கொடுத்தாகிவிட்டது, அவரே வேண்டாம் என்றாகிவிட்டது. பாவமும் இல்லை, பழியும் இல்லை. பைப் உங்களுக்கு. அக்காவின் ஜெபம் வேறு வழியில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் செய்யவேண்டியதெல்லாம், சும்மா இருக்கவேண்டியதுதான்.

கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தீர்கள். ஒரு தோல் பார்த்தீர்கள். இன்னொரு தோல். கண் மட்டும் இடது பக்கம் போய்ப் போய் வந்தது. அம்மைத் தழும்பு போட்ட தோல்மேல் அது கவிழ்ந்து கிடந்தது. நான் உங்கள் தொடையில் கிள்ளினேன். "மாமா, வேணாம். வாயைத் தொறக்காத."

திறந்தீர்கள்.

"பாய், அவரைக் கேளுங்க. அது எதுக்கு ரிஜெக்ட்?"

"விடு மேஸ்திரி. கரி போச்சுன்னு பேஜார்ல இருக்காரு."

"கரி போனது என் தப்பு. ரிஜெக்ட் பண்றதுன்னா என்னைப் பண்ணச் சொல்லுங்க. அந்தக் கட்டை இன்னா பண்ணிச்சு?"

குவியலிலிருந்து பைப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனீர்கள். ஜெர்மன்காரரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டீர்கள், நம் தெருவில் ஐஸ்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. அவரும் வந்தாரே!

"இங்க பாருங்க. ரேகை அடியிலேர்ந்து கெளம்பி வாய் வரைக்கும் நேரா ஏறுது. நடுவுல ஒண்ணுகூட அறுந்து போவல. இப்படித் திருப்பினா புள்ளி புள்ளியா கண்ணு. எல்லாக் கண்ணும் நம்மளையே பார்க்குது. சும்மா கைக்கு வந்த பக்கம் கத்தி வெச்சா இப்படி வராது. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது முதுகு எது வயிறுன்னு தெரிஞ்சிக்கினு, அப்புறம்தான் கை வெச்சிருக்கான்."

பாய் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் காத்திருக்கவில்லை. தோலின் கனம் பார்க்கிற கேஜை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். முள் நகரவில்லை. ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் கடிக்கிற பக்கத்துத் துளையில் விட்டீர்கள். கறுப்பு ரப்பரின் வளைவுக்குள் போய், கட்டைக்குள் போய், கிண்ணத்தின் அடித்தரையில், நட்ட நடுவில் தலையை நீட்டியது. மேலேயும் இல்லை, பக்கத்திலேயும் இல்லை.

"இவ்ளோ வளைச்சி, இவ்ளோ சின்ன ஓட்டை போட்டு, சரியா அங்க கொண்டாந்து விட்டிருக்கான் பாய். அவரு கண்ணை மூடிக்கினு நகத்தை ஓட்டச் சொல்லுங்க. கட்டை எங்க முடியுது, ரப்பர் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க."

ஜெர்மன்காரர் நிஜமாகவே கண்ணை மூடினார். நகத்தை ஓட்டினார். நின்றார். திறந்து பார்த்தார். தப்பான இடம். இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடியும் தப்பு. என்னையும் ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன், சரியான இடத்தில் நிறுத்தினேன். கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

"உண்ணித் தழும்பு இல்ல. முள்ளுக் கீறல் இல்ல. மெழுகு வெச்சி அடைச்ச ஓட்டை ஒண்ணு இல்ல. வர்ணம் பூசி மறைக்கல, அப்படியே தெறந்து விட்டிருக்கான். கரி போனா வரும். இது போனா வருமா? இது ரிஜெக்ட்னா அப்புறம் எதை ஃபர்ஸ்ட்னு சொல்றது?"

உங்கள் குரல் உடைந்தது மாமா. தோலுக்காக அத்தனை வருஷம் சண்டை போட்டபோது ஒரு நாளும் உடையாத குரல்.

ஜெர்மன்காரர் பைப்பை வாங்கி ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பார்த்தார். இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தவர், அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறார் என்று தோன்றியது. அப்புறம் மெதுவாக, "ஃபர்ஸ்ட்" என்றார்.

அவர் ஒரு பொருளை மேலே ஏற்றினது அதுதான் முதல் தடவை. டேனரியே கை தட்டியது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்தச் சந்தோஷம் உங்கள் முகத்தில் இருந்தது, அவர் அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும் வரைக்கும்.

அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. எனக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது, நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

அவரும் நல்ல மனுஷர்தான். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த சிவப்புப் பைப்பை எடுத்துத் துடைத்து, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். நீங்கள் வாங்கினீர்கள். ஒரு கண நேரம் எனக்கு மூச்சு வந்தது. நேராக ஜன்னலுக்குப் போனீர்கள். கட்டைவிரலை ஓட்டினீர்கள்.

"மூணு இடத்துல அடைச்சிருக்கான். மேல வார்னிஷ். தேர்டு. வேணாம்னு சொல்லுங்க பாய்."

உங்களுக்கு வேண்டாம், சரி. எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அன்று சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு வந்தீர்கள். வழி நெடுக நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் வந்தது உங்களுக்கே பயமாக இருந்திருக்கும். வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாமில்ல?" என்றாள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "இருந்திருக்கலாம். அப்புறம் அதை எப்படி வாயில வெச்சிக்கிறது?"

அதற்கு அப்புறம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல புளி ஜாஸ்தி" என்றீர்கள். அக்கா அன்றைக்குத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் ஒவ்வொரு சீசனும் அவர் வந்ததும் முதல் வேலையாகப் பைப்பை உங்கள் மேஜையில் வைப்பார். நீங்கள் ஜன்னலில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பீர்கள். அப்புறம்தான் தோல், சண்டை எல்லாம்.

போன வாரமும் வைத்தார் மாமா. ஸ்டூலில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, பின்னால் உங்களைத் தேடினார். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்ட விஷயத்தைப் பாய் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். அப்புறம் பைப்பை என் பக்கம் தள்ளினார்.

எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உங்கள் பைப் நன்றாக இருக்கிறது. நிறம் முற்றி, சுண்டக் காய்ச்சின பனைவெல்லப் பாகு மாதிரி ஆகியிருக்கிறது. ரேகை இப்போதுதான் இன்னும் நன்றாகத் தெரிகிறது. உள்ளே கரி மறுபடியும் ஏறிவிட்டது. பயப்படாதீர்கள், நான் கத்தி எடுக்கவில்லை. பல் படுகிற இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. மெதுவாகக் கடிக்கச் சொல்லி ஜாடையில் காட்டினேன். தலையாட்டினார்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. உங்களை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, ஒரு தோலைச் சரியாகப் பார்க்காமல் "ஃபர்ஸ்ட்" என்று வலது பக்கம் போட்டார். நல்ல பெரிய தோல். ஆனால் வயிற்றோரம், மடிப்புக்குள், உண்ணித் தழும்பு. எனக்குத் தெரிந்தது. பாய்க்கும் தெரிந்தது. பாய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டேனரிக்கு லாபம். நான் புது ஆள், பாய் சந்தோஷப்படுவார். ஆனால் கட்டைவிரல் அந்தத் தழும்பின்மேல் போய் நின்றுவிட்டது, நகர மாட்டேன் என்றது.

"செகண்ட்" என்றேன்.

ஜெர்மன்காரர் வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாங்குகிறவர் ஏற்றி, விற்கிறவன் இறக்கினதை அவர் எங்கேயும் பார்த்திருக்க மாட்டார். பாய் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய் சாலமன், உங்க மாமாவோட வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா என்று இன்னும் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜெர்மன்காரர் அதற்கப்புறம் நான் சொன்ன தோல் ஒன்றைக்கூடக் கீழே இறக்கவில்லை. எனக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. உங்களோடு அவ்வளவு சண்டை போட்டவர், என்னோடு ஒரு சண்டைகூடப் போடாவிட்டால் நான் எப்படி செலக்டர்?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த சீசனுக்குள் நன்றாகக் கற்றுக்கொண்டு, அந்த மனுஷர் கோபத்தில் பைப்பை வாயிலிருந்து எடுத்து மேஜையில் தட்டுகிற மாதிரி ஒரு நல்ல சண்டை போடுவேன். தட்டினதும் பைப்பை வாங்கி, விரிசல் விட்டிருக்கிறதா என்று உடனே வெளிச்சத்தில் பார்த்தும் விடுவேன். நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியோடு சீதனமாக வந்து, கடைசி வரை நீங்கள் திருப்பி அனுப்ப முடியாமல் போன
மச்சான் சாலமன்